பழுது எந்தப் பக்கம்? தொலைத்தொடர்பு ஆவணங்களில் இருபொருள் ஆங்கிலத் தொடர்களைப் படிக்க முழுமையான வழிகாட்டி

ஃபைபர் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது நான்கே சொற்கள் என்னை ஒரு நாள் முழுக்க நிறுத்திவைத்தன: "ஃபார் எண்ட் ரிசீவ் ஃபெயிலியர்". ஒவ்வொன்றும் தெரிந்த சொல்தான். "தொலைமுனையிலிருந்து சிக்னல் பெறுவதில் பழுது" என்று முதலில் எழுதினேன். வரைவைப் படித்த பொறியாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்த அலாரம் வந்தால் எந்த ஃபைபரைச் சோதிக்க ஆள் அனுப்புவது?"

என்னிடம் பதில் இல்லை. அந்தத் தொடரை இரண்டு விதமாகப் படிக்கலாம். தொலைமுனையிடமிருந்து நாம் பெறுவதில் பழுது என்பது ஒன்று. நம்மிடமிருந்து தொலைமுனை பெறுவதில் பழுது என்பது இன்னொன்று. ஆங்கில இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. களத்திலோ இரண்டும் நேர் எதிர்த் திசைகள். தப்பான பொருளைப் பிடித்தால், நன்றாக இருக்கும் ஃபைபரை ஒரு குழு மணிக்கணக்கில் சோதித்துக்கொண்டிருக்கும்.

அகராதி இந்த இடத்தில் கை கொடுக்காது. ஆங்கிலப் புலமை மட்டும் இருந்தாலும் போதாது. வாக்கியம் எந்தக் கருவியைப் பற்றிப் பேசுகிறதோ, அந்தக் கருவியிடம்தான் போய்க் கேட்க வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்பதைத்தான் படிப்படியாக எழுதியிருக்கிறேன். மொழிபெயர்ப்பவர், ஆவணம் படித்துக் கருவியை அமைக்கும் பொறியாளர், பாடம் நடத்துபவர் என யாருக்கும் இது உதவும்.

படி 1: இரண்டு பொருளையும் முழு வாக்கியமாக எழுதுங்கள்

"ஏதோ இடிக்கிறது" என்று தோன்றிய உடனே தாளை எடுங்கள். முதலில் தோன்றிய பொருளைத் தமிழில் முழு வாக்கியமாக எழுதுங்கள். எழுவாய் இருக்க வேண்டும், செயப்படுபொருள் இருக்க வேண்டும், யாருக்கு, எங்கிருந்து, எப்போது என்பதும் இருக்க வேண்டும். அப்புறம் அதே சொற்களிலிருந்து வேறு எந்தப் பொருள் வர முடியும் என்று வலிந்து தேடி, அதையும் எழுதுங்கள்.

ஆங்கிலத்திலேயே குறிப்பெடுத்தால் இது பலிக்காது. மயக்கம் அப்படியே குறிப்புக்குள்ளும் வந்துவிடும். தமிழில் எழுதும்போது 'ஐ', 'ஆல்', 'கு', 'இன்' என்று ஏதாவது ஓர் உருபைப் போட்டே ஆக வேண்டும். போடும் அந்த நொடியில், எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் எழுதப் போகிறேன் என்பது நமக்கே புரிந்துவிடும்.

படி 2: பெட்டியும் அம்பும் வரையுங்கள்

என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட சிக்கல்கள் இந்தப் படியிலேயே தீர்ந்துவிடுகின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு பெட்டிகள் வரையுங்கள். இடதுபக்கம் 'அ', வலதுபக்கம் 'ஆ'. நடுவில் இரண்டு அம்புகள்: அ-விலிருந்து ஆ-வுக்கு ஒன்று, ஆ-விலிருந்து அ-வுக்கு ஒன்று. எஸ்டிஹெச் (பல இணைப்புகளை ஒன்றாக்கி ஃபைபரில் அனுப்பும் முறை) இணைப்பு என்றால் இந்த இரண்டும் தனித்தனி ஃபைபர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்பது அ-வில். அங்கே திரையில் "ஃபார் எண்ட் ரிசீவ் ஃபெயிலியர்" என்று வருகிறது.

முதல் பொருளைச் சோதிப்போம். ஆ அனுப்புவது அ-வுக்கு வரவில்லை என்பதுதான் இதன் பொருள் என்றால், அந்தப் பழுதை அ தானே நேரடியாக உணரும். அப்படி உணர்ந்தால் சொல்வதற்கு அதனிடம் ஏற்கெனவே வேறு பெயர்கள் இருக்கின்றன. ஒளியே வரவில்லை என்றால் 'லாஸ் ஆஃப் சிக்னல்'. ஒளி வந்தும் ஃபிரேமின் (ஒரு தரவுக் கட்டின்) தொடக்கத்தைப் பிடிக்க முடியவில்லை என்றால் 'லாஸ் ஆஃப் ஃபிரேம்'. ஒரே பழுதுக்கு எதற்கு மூன்றாவதாக ஒரு பெயர்?

இரண்டாவது பொருளுக்கு வருவோம். அ அனுப்புவது ஆ-வுக்குப் போய்ச் சேரவில்லை. இதை அ தானாக அறிய வழியே இல்லை. லேசர் ஒளியை விட்டதோடு அதன் வேலை முடிந்தது. ஆகவே ஆ திரும்பிச் சொன்னால்தான் உண்டு. எஸ்டிஹெச்சில் அதற்கென்றே இடம் இருக்கிறது: ஃபிரேமில் தரவோடு போகும் கட்டுப்பாட்டுப் பகுதியான மல்டிபிளெக்ஸ் செக்ஷன் தலைப்பகுதியில் கே2 என்ற பைட்டின் 6, 7, 8-ஆவது பிட்டுகளில் ஆ 110 என்று எழுதி அ-வுக்கு அனுப்பும். அதைப் படித்துத்தான் அ-வின் திரையில் அந்த அலாரம் வருகிறது.

இப்போது படத்தைப் பாருங்கள். செய்தி அ-வுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அப்படியானால் ஆ-விலிருந்து அ-வுக்கு வரும் ஃபைபர் நன்றாக இருக்கிறது. பழுது அ-வின் டிரான்ஸ்மிட்டரிலோ, அ-விலிருந்து ஆ-வுக்குப் போகும் ஃபைபரிலோ, ஆ-வின் ரிசீவரிலோ இருக்க வேண்டும். ஆள் அனுப்ப வேண்டிய திசை கிடைத்துவிட்டது. "தொலைமுனையின் ரிசீவரில் பழுது" என்று எழுதினால்கூட அரைகுறைதான், ரிசீவர் என்ற கருவியே கெட்டுவிட்டது போல ஒலிக்கும். "நாம் அனுப்பும் சிக்னலைத் தொலைமுனை பெற முடியவில்லை (தொலைமுனை தெரிவித்தது)" என்று கையேட்டில் மாற்றினேன். அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டு சொற்கள்தான் அங்கே முக்கியம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பின்னாளில் வந்த எஸ்டிஹெச் பரிந்துரைகள் இந்தப் பெயரைக் கைவிட்டு 'ரிமோட் டிஃபெக்ட் இண்டிகேஷன்' என்ற பெயருக்கு மாறிவிட்டன. பழைய கருவிகளின் கையேடுகளில் பழைய பெயர்தான் இருக்கும். இரண்டும் ஒன்றே என்று தெரியாமல் இரண்டு தனி அலாரங்களாக அட்டவணையில் போட்டவர்களும் உண்டு.

படம் வரையும்போது அம்பின் தலையைக் கவனமாகப் போடுங்கள். 'அப்லிங்க்' என்றால் கைபேசி வலையமைப்பில் கைபேசியிலிருந்து கோபுரத்துக்கு. செயற்கைக்கோளில் தரையிலிருந்து கோளுக்கு. ஈதர்நெட் சுவிட்சில் 'அப்லிங்க் போர்ட்' என்றால் மேல்நிலைச் சுவிட்சை நோக்கிய போர்ட், அதில் தரவு இரு திசையிலும் ஓடும். அம்பு வரையாமல் படித்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

படி 3: பெயர்ச்சொல் கோவையைத் தொகை விரிப்பதுபோல் விரியுங்கள்

தொழில்நுட்ப ஆங்கிலம் பெயர்ச்சொற்களை ரயில்பெட்டிபோல் அடுக்கிக்கொண்டே போகும். இடையில் உருபு இருக்காது. தமிழர்களுக்கு இது புதிதல்ல. பள்ளியில் படித்த வேற்றுமைத்தொகை இதேதான். 'மரப்பெட்டி' என்றால் மரத்தால் ஆன பெட்டி. 'மருந்துப்பெட்டி' என்றால் மருந்தால் ஆன பெட்டி என்று யாரும் விரிப்பதில்லை, மருந்து வைக்கும் பெட்டி. வடிவம் ஒன்று, மறைந்திருக்கும் உருபும் பயனும் வேறு. பெட்டியைப் பற்றி நமக்குத் தெரிந்ததால்தான் சரியாக விரிக்கிறோம்.

ஆங்கிலக் கோவையையும் அப்படியே வலமிருந்து இடமாக விரியுங்கள். கடைசிச் சொல்தான் தலை, மற்றதெல்லாம் அதற்கு அடை. "டிஜிட்டல் டிரங்க் இன்டர்ஃபேஸ் ஃபெயிலியர் அலாரம்" என்பதை எடுத்துக்கொள்வோம். இது ஓர் அலாரம். எதற்கு? ஃபெயிலியருக்கு. எதன் ஃபெயிலியர்? இன்டர்ஃபேஸின். எதற்கான இன்டர்ஃபேஸ்? டிரங்குக்கான. இதுவரை சரி. இப்போது 'டிஜிட்டல்' எதோடு சேரும்? டிரங்க் டிஜிட்டலா, இன்டர்ஃபேஸ் டிஜிட்டலா? இந்த இடத்தில் பொதுவாக இரண்டும் ஒரே முடிவைத் தரும், கவலையில்லை.

ஆனால் "ரிமோட் பவர் சப்ளை ஃபெயிலியர்" அப்படியல்ல. தொலைவில் இருக்கும் மின்வழங்கி பழுதானதா, அல்லது இங்கிருந்து தொலைவுக்கு மின்சாரம் அனுப்பும் ஏற்பாடு பழுதானதா? லைன் வழியாகவே ரிப்பீட்டருக்கு (நடுவழியில் சிக்னலை வலுப்படுத்தும் கருவிக்கு) மின்சாரம் ஊட்டுவது தொலைத்தொடர்பில் உண்மையிலேயே இருக்கும் வழக்கம். கடலடிக் கேபிள்களில் கரையிலிருந்துதான் ரிப்பீட்டர்களுக்கு மின்சாரம் போகிறது. ஆக, இரண்டாவது பொருள் கற்பனை அல்ல. ஆவணம் எந்தக் கருவியைப் பற்றியது, அந்தக் கருவி மின்சாரம் ஊட்டுகிறதா என்று பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

சொற்களுக்கிடையே இணைகோடு இருந்தால் அதைப் பொன்போல் பாருங்கள். எழுதியவர் எந்த இரண்டை ஒன்றாகக் கட்டினார் என்பதற்கு அதுதான் சாட்சி. ஆனால் இணைகோடு இல்லை என்பதை எதற்கும் சாட்சியாக எடுக்காதீர்கள். பெரும்பாலானவர்கள் போடுவதே இல்லை.

படி 4: அதே சொல், வேறு தலைமுறை

தந்தி, தொலைபேசி, வானொலி, கணினி வலையமைப்பு என்று பல கிளைகள் சேர்ந்து வளர்ந்த துறை இது. ஒவ்வொரு கிளையும் தனக்கென்று சொற்பொருளை வைத்திருக்கிறது. ஆவணம் எந்தக் கிளையில் பிறந்தது என்று கண்டுபிடித்தாலே பல முடிச்சுகள் அவிழும்.

'டிரங்க்' நல்ல உதாரணம். தொலைபேசியில் இரண்டு எக்ஸ்சேஞ்சுகளை இணைக்கும் வழி. 'டிரங்க் கால்' என்ற பழைய வழக்கில் நெடுந்தொலைவு அழைப்பு. ஈதர்நெட்டில் ஒரு தயாரிப்பாளரின் மரபில் பல விலான்களை (ஒரே வலையமைப்புக்குள் பிரித்துவைத்த உள்வலைகளை) சுமக்கும் ஒரே போர்ட், வேறு சிலர் மரபில் பல இணைப்புகளை ஒன்றாகக் கட்டிய கட்டு. 'டெட்ரா' போன்ற வானொலி முறைகளில் 'டிரங்கிங்' என்றால் ஒரு சில அலைவரிசைகளைப் பலர் தேவைக்கேற்பப் பகிர்ந்துகொள்வது. "கான்ஃபிகர் தி டிரங்க்" என்ற மூன்று சொல் கட்டளையை 'டிரங்க் கால்' தவிர்த்த மற்ற நான்கில் எதற்கும் பொருத்திப் படிக்கலாம்.

'கிளியர்' இன்னும் வழுக்கும். அழைப்பைக் கிளியர் செய்வது என்றால் அதை முடிப்பது. அலாரம் கிளியர் ஆனது என்றால் பழுது நீங்கியது. சில கருவிகளில் மட்டும் இயக்குபவர் திரையிலிருந்து துடைத்துவிட்டார் என்பதற்கும் அதே சொல், பழுது அப்படியே இருக்கும். 'கிளியர் சேனல்' என்றால் சத்தமில்லாத சேனல் என்று சிலர் எழுதுகிறார்கள், தவறு. டி1 (24 சேனல்களைச் சுமக்கும்) இணைப்புகளில் ஒவ்வொரு ஆறாவது ஃபிரேமிலும் கடைசி பிட்டைச் சமிக்ஞைக்காகப் பிடுங்கிக்கொள்ளும் முறை இருந்தது. அதனால் ஒரு சேனலில் தரவுக்கு விநாடிக்கு 56 கிலோபிட்தான் நம்பகமாகக் கிடைக்கும். எதையும் பிடுங்காமல் 64 கிலோபிட்டும் முழுதாகக் கொடுப்பதுதான் கிளியர் சேனல். 'கிளியர் டு செண்ட்' என்பதில் அதே சொல் அனுமதி. "சேனல் இஸ் கிளியர்டு" என்பதற்கும் "சேனல் இஸ் கிளியர்" என்பதற்கும் இரண்டே எழுத்து வித்தியாசம். முதலாவது நடந்து முடிந்த ஒரு செயல், இரண்டாவது இப்போதைய ஒரு நிலை.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஆல்டர்நேட்'. ஒன்றுவிட்டு ஒன்று என்றும் பொருள், மாற்று என்றும் பொருள். 'ஆல்டர்நேட் ரூட்டிங்' என்றால் முதல் வழி நிரம்பியிருக்கும்போது மாற்று வழியில் அனுப்புவது. 'ஆல்டர்நேட் மார்க் இன்வர்ஷன்' என்பதில் மாற்று ஒன்றும் இல்லை. மார்க் என்பது தந்திக் காலத்துச் சொல், இங்கே 1 என்ற பிட். ஒன்றுவிட்டு ஒன்று வரும் 1-களின் துருவம் புரட்டப்படுகிறது: முதல் 1-க்கு நேர் மின்னழுத்தம், அடுத்த 1-க்கு எதிர் மின்னழுத்தம், 0-க்கு மின்னழுத்தமே இல்லை. இதை 'மாற்றுக்குறி' என்று பெயர்த்தவரிடம் படிக்கும் மாணவர், எதற்கு மாற்று என்று தேடித் தேடிக் களைத்துப்போவார். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கும்போது அந்த வசதியை விட்டுவிடக் கூடாது.

'டிராப்', 'அவுட்ஸ்டாண்டிங்' போன்றவற்றையும் சந்தேகத்தோடே அணுகுங்கள். 'அவுட்ஸ்டாண்டிங் ஃபிரேம்' சிறப்பான ஃபிரேம் அல்ல, அனுப்பியும் இன்னும் ஒப்புகை வராத ஃபிரேம். 'டிராப் கேபிள்' அறுந்து விழுந்த கேபிள் அல்ல, பொதுத்தடத்திலிருந்து வாடிக்கையாளர் இடத்துக்கு இறங்கும் கேபிள்.

படி 5: 'ஷல்', 'ஷுட்', 'மே' — கட்டாயத்தின் அளவைப் பாருங்கள்

தரநிலை ஆவணங்களில் துணைவினைகள் சட்டச் சொற்கள் போன்றவை. பேச்சு ஆங்கிலத்தின் பொருளை அங்கே கொண்டுபோகக் கூடாது. இணைய நெறிமுறைகளை வெளியிடும் ஆர்எஃப்சி வரிசையில், 1997 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 2119 இந்தச் சொற்களுக்கு வரையறை கொடுத்தது. 'மஸ்ட்' என்றால் விலக்கில்லாத கட்டாயம். 'ஷுட்' என்றால், விலகத் தக்க காரணம் இருக்கலாம், ஆனால் விளைவை முழுதாக எடைபோட்ட பிறகே விலக வேண்டும். 'மே' என்றால் விருப்பம். சரி, அந்தச் சொல் சிறிய எழுத்தில் வந்தால்? அந்தக் குழப்பத்துக்கு 2017 மே மாதம் ஆர்எஃப்சி 8174 பதில் சொன்னது: எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே அந்தச் சிறப்புப் பொருள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. ஆகவே மொழிபெயர்ப்பில் இந்த வேறுபாட்டைத் தடித்த எழுத்தாலோ நிலையான சொற்களாலோ காட்டியே ஆக வேண்டும். 'வேண்டும்' என்ற ஒரே சொல்லை மஸ்டுக்கும் ஷுட்டுக்கும் போடுவது பெரும்பிழை. நான் 'கட்டாயம் ... வேண்டும்', 'செய்வது நல்லது. விலகினால் காரணம் வேண்டும்' என்ற அளவுக்குப் பிரித்து வைத்திருக்கிறேன்.

கைபேசி வலையமைப்புகளுக்கான 3ஜிபிபி ஆவணங்களில் 'மஸ்ட்' பொதுவாக வராது, அதன் இடத்தில் 'ஷல்' நிற்கும். அண்மைக்கால ஆவணங்களின் முன்னுரையிலேயே இந்தச் சொற்களின் பட்டியல் இருக்கிறது. பலரும் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள். 'மே' என்றால் அனுமதி, 'கேன்' என்றால் இயலும் என்ற வேறுபாடு அங்கே இருக்கிறது. 'வில்' என்பது, இந்த ஆவணத்தின் எல்லைக்கு வெளியே இருக்கும் ஒன்றின் செயலால் நடக்கவிருப்பதைச் சொல்கிறது என்று விளக்கியிருக்கிறார்கள். எதிர்காலம் என்று மட்டும் படித்தால் பொறுப்பு யாருடையது என்பதே மாறிவிடும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது 'மே நாட்'. "தி டெர்மினல் மே நாட் ரெஸ்பாண்ட்" என்றால், டெர்மினல் பதில் சொல்லக் கூடாதா, பதில் சொல்லாமலும் இருக்கலாமா, பதில் வராமல் போகவும் வாய்ப்பு உண்டா? மூன்றும் வரும். 3ஜிபிபியே இந்தத் தொடர் தெளிவற்றது என்று சொல்லி விதிப்பகுதிகளில் அதைத் தவிர்க்கிறது. தயாரிப்பாளரின் கையேடுகளில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அங்கே கண்டால் நேராகப் படி 8-க்குப் போங்கள்.

படி 6: 'ஒன்லி', 'அண்ட்', 'இஃப்' எதுவரை ஆளுகின்றன?

"ரீடிரான்ஸ்மிட் செட்டப் அண்ட் ரீஸ்டார்ட் தி டைமர் இஃப் நோ ரெஸ்பான்ஸ் இஸ் ரிசீவ்டு." கடைசியில் இருக்கும் 'இஃப்' இரண்டு செயல்களையும் ஆளுகிறதா, பின்னதை மட்டுமா? இலக்கணம் சொல்லாது. நெறிமுறையைக் கேளுங்கள். ஐஎஸ்டிஎன் (டிஜிட்டல் தொலைபேசி வலையமைப்பு) அழைப்புக் கட்டுப்பாட்டுக்கான கியூ.931 தரநிலையில், வலையமைப்பு செட்டப் (அழைப்பைத் தொடங்கும்) செய்தியை அனுப்பியதும் டி303 என்ற டைமரைத் தொடங்கும், வழக்கமான மதிப்பு 4 விநாடி. பதில் வராமல் முதல்முறை காலாவதியானால் செட்டப் மறுபடி போகும், டைமரும் மறுபடி தொடங்கும். நிபந்தனை இரண்டுக்கும் உரியது. 'இஃப்' டைமருக்கு மட்டும் என்று படித்தால், பதில் வந்த பிறகும் செட்டப் மீண்டும் போய்க்கொண்டிருக்கும். அப்படி ஒரு தொலைபேசி வேலை செய்யாது.

தமிழில் நிபந்தனையை முன்னால் வைத்து, "பதில் வராவிட்டால், செட்டப்பை மீண்டும் அனுப்பி டைமரையும் மீண்டும் தொடங்க வேண்டும்" என்று எழுதினால் மயக்கம் போய்விடும். ஆங்கிலத்தின் வரிசையை அப்படியே பின்பற்றுவதில் ஒரு பெருமையும் இல்லை.

'ஒன்லி' எங்கே நின்றாலும் அதை நகர்த்திப் பாருங்கள். "ஷல் ஒன்லி செண்ட் தி ரிப்போர்ட் வென் தி டைமர் எக்ஸ்பயர்ஸ்" என்பது, அறிக்கையை மட்டுமா, டைமர் முடியும்போது மட்டுமா? தமிழில் 'மட்டும்' தான் சார்ந்த சொல்லோடு ஒட்டியே நிற்கும். எதோடு ஒட்டுவது என்று முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து நாம் தப்பவே முடியாது.

எண்ணிக்கையிலும் இதே கதை. 'திரீ ரீட்ரைஸ்' என்றால் மொத்தம் எத்தனை முறை போகும்? ஐஎஸ்டிஎன்னின் இன்னொரு தரநிலையான கியூ.921-இல் என்200 என்பது மீண்டும் அனுப்பும் முறைகளின் உச்ச எண்ணிக்கை, வழக்கமான மதிப்பு 3. முதல்முறை அனுப்பியதையும் சேர்த்தால் 4. தமிழில் "மூன்று முறை அனுப்பும்" என்று எழுதினால் ஒன்று குறைந்துவிடும். "மேலும் மூன்று முறை" என்று எழுதினால் சரியாகிவிடும்.

படி 7: எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் சொல்லை நம்பாதீர்கள்

"ரிசீவர் சென்சிட்டிவிட்டி ஷல் பி அட் லீஸ்ட் மைனஸ் 28 டிபிஎம்." கணிதப்படி 'குறைந்தது −28' என்றால் −28 அல்லது அதற்கு மேல், அதாவது −20 கூடச் சரி. இயற்பியல்படி அது தலைகீழ். 0 டிபிஎம் என்பது 1 மில்லிவாட், −30 டிபிஎம் என்பது 1 மைக்ரோவாட். எண் கீழே போகப்போக ஒளி மங்குகிறது. மங்கலான ஒளியையும் படிக்கும் ரிசீவர்தான் நல்ல ரிசீவர். எழுதியவர் சொல்ல நினைத்தது "−28 அல்லது அதைவிடவும் மங்கிய ஒளியைப் படிக்க வேண்டும்" என்பதுதான். இப்படிப்பட்ட இடத்தில் 'குறைந்தது', 'அதிகம்' இரண்டையும் விட்டுவிட்டு, "ஒளித்திறன் −28 டிபிஎம் வரை குறைந்தாலும் ரிசீவர் பிழையின்றிப் படிக்க வேண்டும்" என்று செயலாக எழுதிவிடுவேன்.

தாமதத்தைப் பற்றிய எண் என்றால் ஒருவழியா, போய்வரவா என்று பாருங்கள். ஐடியு-டியின் (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் தரநிலைப் பிரிவின்) ஜி.114 பரிந்துரை குரலுக்குச் சொல்லும் 150 மில்லிவிநாடி ஒருவழி. பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) காட்டுவது போய்வரும் நேரம். இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டால் நல்ல இணைப்பும் மோசமாகத் தெரியும்.

'கிலோ' லைன் வேகத்தில் எப்போதும் 1000-தான். விநாடிக்கு 8000 மாதிரி, மாதிரிக்கு 8 பிட், ஆக 64,000. ஈ1 (32 காலத்துண்டுகளைச் சுமக்கும்) இணைப்பின் 2048 கிலோபிட் என்ற எண் 1024-இன் இரட்டிப்பாகத் தெரிவதால் பலர் ஏமாறுகிறார்கள். அது அந்த 32-ஐ 64-ஆல் பெருக்கியது, அவ்வளவுதான்.

படி 8: சாட்சிகளைக் கூப்பிடுங்கள்

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு பொருள் நின்றால், அதே ஆவணத்தின் மற்ற பகுதிகளைப் புரட்டுங்கள். முதலில் வரையறைகள். அப்புறம் நிலைமாற்ற அட்டவணை, செய்தி ஓட்டப்படம், டைமர் பட்டியல். உரைநடையில் மயங்கும் எழுத்தாளர் அட்டவணையில் மயங்க முடியாது, ஏனென்றால் கட்டத்தில் ஏதாவது ஒன்றை நிரப்பியே ஆக வேண்டும். ஆர்எஃப்சி என்றால் அதன் திருத்தப் பட்டியலைப் பாருங்கள், உங்கள் சந்தேகம் முன்பே யாருக்காவது வந்திருக்கலாம். 3ஜிபிபி என்றால் அந்தப் பத்தியை மாற்றிய திருத்தக் கோரிக்கையைத் தேடுங்கள். எதற்காக மாற்றினார்கள் என்ற காரணமும் அதில் எழுதியிருக்கும்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வழியும் உண்டு. ஐடியு-வுக்கு ஆறு ஆட்சிமொழிகள்: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ். உங்களுக்கு வேண்டிய பரிந்துரை பிரெஞ்சிலோ ஸ்பானிஷிலோ இருந்தால் திறந்து பாருங்கள். அந்த மொழிகளில் பெயரடை தான் தழுவும் பெயரின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும். 'டிஜிட்டல்' டிரங்குகளோடு சேர்கிறதா, இன்டர்ஃபேஸோடு சேர்கிறதா என்பதை ஒரு பன்மை விகுதி காட்டிக்கொடுத்துவிடும். அந்த மொழி தெரிய வேண்டியதில்லை, விகுதியைப் பார்க்கத் தெரிந்தால் போதும். அதுவும் ஒரு மொழிபெயர்ப்புதான் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அது சாட்சி சொல்லலாம், தீர்ப்பு சொல்ல முடியாது.

படி 9: தீராவிட்டால் எப்படிக் கேட்பது, எப்படி எழுதுவது

"இந்த வரி புரியவில்லை, விளக்கவும்" என்று எழுதினால் பெரும்பாலும் அதே வரிதான் திரும்பி வரும். படி 1-இல் எழுதிய இரண்டு வாக்கியங்களையும் எடுத்து, விளைவோடு சேர்த்து அனுப்புங்கள். என் கேள்விகள் இப்படி இருக்கும்:

"4.2 பத்தியில், 'டெர்மினல் மே நாட் ரெஸ்பாண்ட்' என்பது எது? (அ) டெர்மினல் பதில் அனுப்பக் கூடாது. அனுப்பினால் அது பிழை. (ஆ) பதில் அனுப்பாமல் இருக்கவும் அனுமதி உண்டு. வலையமைப்பு இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும். (இ) பதில் வழியில் தொலைந்துபோக வாய்ப்பு உண்டு. அட்டவணை 7-இல் பதில் வராத நிலைக்கு ஒரு டைமர் இருப்பதால் (ஆ) என்று படித்திருக்கிறேன். சரியா?"

இதற்கு ஒரே எழுத்தில் பதில் சொல்லிவிடலாம். வேலை நெருக்கடியில் இருக்கும் பொறியாளரும் பதில் சொல்வார்.

பதில் வருவதற்குள் கோப்பை ஒப்படைக்க வேண்டியிருந்தால், ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மறைக்காதீர்கள். நீங்கள் தேர்ந்ததை வரியில் எழுதி, மற்ற பொருளை அடிக்குறிப்பில் முழு வாக்கியமாகப் போடுங்கள். அடிக்குறிப்பில் ஐயம் என்று மட்டும் எழுதி விட்டுவிடுவது யாருக்கும் உதவாது. எந்தப் பொருள் தவறினால் எந்தச் சோதனை தவறும் என்றும் ஒரு வரி சேருங்கள். களத்தில் நிற்பவருக்கு அந்த வரிதான் வேண்டும்.

முடிவான சொல்லையும் அதன் காரணத்தையும் உங்கள் சொற்பட்டியலில் தேதியோடு எழுதிவையுங்கள். என் பட்டியலில் "ஃபார் எண்ட் ரிசீவ் ஃபெயிலியர்" என்பதற்கு எதிரே சொல்லும் இருக்கிறது, அன்று வரைந்த இரண்டு பெட்டிகளும் இருக்கின்றன. ஆ-விலிருந்து திரும்பி வரும் அம்பின் மேல் "110" என்று எழுதியிருக்கிறது.